கரையில் நிற்கிற நாளும் பயணக் கணக்கில்தான்

பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வருகிற போட்டிகள் என்றால் நாம் எல்லோரும் அலையைப் பற்றித்தான் கதைப்போம். புயல், கிழிந்த பாய், சாய்ந்து ஓடும் படகு. வீடியோக்களிலும் அதுதான் வரும். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்கும் வரை அவர்கள் துறைமுகத்தில் தரித்து நிற்கிற நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்களைக் கேட்டால், கடல் தொழிலாக இல்லாத ஒரு சாதாரண மனிதருக்கு அந்த நாட்கள்தான் போட்டியின் முக்கியமான பகுதி.

கிளிப்பர் போட்டியை எடுத்துப் பாருங்கள். 1996இல் தொடங்கியது. ஏறத்தாழ 40,000 கடல் மைல், எட்டுக் கட்டங்கள், பதினொரு மாதமளவில் எடுக்கும். படகில் தலைவரும் அவருக்கு உதவியாக ஒருவரும்தான் தொழில் தெரிந்தவர்கள். மற்றவர்கள் தாதியர், ஆசிரியர், ஓய்வூதியம் எடுத்தவர்கள் என்று பல தரப்பினர். பலர் முன்பின் பாய்க்கயிற்றைத் தொட்டதே இல்லை. நாலு படிப் பயிற்சி முடித்தால்தான் ஏற விடுவார்கள்.

இதை ஆரம்பித்தவர் சேர் ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன். எங்கும் தரிக்காமல் தனியாளாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர். 1968 ஜூனில் புறப்பட்டு 312 நாட்களின் பின் 1969 ஏப்ரலில்தான் கரையேறினார். அவருடைய படகு பம்பாயில் கட்டப்பட்டது. பெயர் சுஹைலி, அரபு மாலுமிகள் ஒரு காற்றுக்கு வைத்த பெயர். அப்படிப்பட்டவர் சாதாரண ஆட்களுக்கென்று ஒரு போட்டி அமைத்தபோது வழி நெடுகத் துறைமுகங்களை வைத்தார். தன்னால் முடிந்ததையெல்லாம் அடுத்தவர் தலையில் கட்டாதது ஒரு நல்ல ஆசிரியரின் குணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

கேப் டவுனிலிருந்து அவுஸ்திரேலியாவின் ஃப்ரிமாண்டில் வரை மூன்று கிழமையளவு ஓட்டம். இரவும் பகலும் முறை போட்டு வேலை. ஒருவர் எழும்பிப் போன படுக்கையில் மற்றவர் படுப்பார். இப்படி வந்து கரையேறியதும் குளிப்பு, நல்ல சாப்பாடு, வீட்டுக்கு ஒரு கோல், அடித்துப்போட்டாற்போல தூக்கம். அதற்குப் பிறகு வேலை தொடங்கும். படகிலுள்ள சாமான் முழுவதையும் வெளியே இறக்கி, அடித்தட்டு வரை கழுவுவார்கள். கிழிந்த பாயை விரித்துத் தைப்பார்கள். ஒருவர் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறிக் கயிறுகளைப் பார்ப்பார். இருபது பேரளவுக்கு வாரக்கணக்கில் தேவையான சாப்பாட்டை வாங்கி, நாளுக்கொரு பையாகக் கட்டுவார்கள். ஒன்றை மறந்தால் நடுக்கடலில் கடையா இருக்கிறது?

இன்னொன்றும் அங்கே நடக்கும். ஒரு கட்டத்துக்கு மட்டும் வந்தவர் இறங்கிப் போவார், புதியவர் ஏறுவார். விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. இறங்கியவரை யாரும் ஓடிப்போனவர் என்று சொல்வதில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் போட்டி பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவில் நின்றது. படகுகளை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் வீடு போனார்கள். இரண்டு வருடங்கள் கழித்து, 2022 மார்ச்சில் அதே இடத்திலிருந்து புறப்பட்டு, ஜூலையில் லண்டனில் முடித்தார்கள். எல்லோராலும் திரும்பி வர முடியவில்லை. ஆனாலும் அது புதுப் போட்டியாகவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த அதே போட்டிதான்.

இது காசுள்ளவர்களின் விளையாட்டு என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான், கலந்துகொள்பவர்கள் பெரிய தொகை கட்ட வேண்டும். ஆனால் தரித்து நிற்பதற்கு அவர்கள் கொடுக்கிற மரியாதைக்குக் காசு தேவையில்லை.

நாங்கள் ஆசிரியர்கள் என்பதால் இதைப் பார்க்கும்போது எங்கள் பிள்ளைகள்தான் ஞாபகம் வருகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கை காய முதல் உயர்தர டியூஷனுக்கு அனுப்புகிறோம். தூங்கவும் விடுவதில்லை, கிழிந்ததைத் தைக்கவும் விடுவதில்லை. கணிதத்தில் எங்கே பிழைத்தது, தனக்கு எந்தத் துறை பொருந்தும் என்று பிள்ளை யோசிக்கிற காலமே அதுதான். பிள்ளை தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறேன் என்றால், ஊர் அதைத் தோல்வி என்று பேசுகிறது.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பரீட்சை முடிந்த பிள்ளையை முதல் இரண்டு கிழமையாவது விட்டுப் பிடியுங்கள். தூங்கட்டும். பிறகு பக்கத்தில் இருந்து, அடுத்தது என்ன என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்கிற பதில் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முழுக்கக் கேட்டு முடியுங்கள்.