மூளையைப் படிக்கும் தொழில்: முதலிடும் முன் சந்தையைப் பாருங்கள்

சந்தேகநபரின் மூளை மின்னலைகளைப் பதிந்து ஆராயும் படிப்புக்குப் பிள்ளையை இந்தியா அனுப்பலாமா எனக் கொத்மலைப் பெற்றோர் சிலர் கேட்கின்றனர். வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன்: சரக்கை வாங்குமுன் சந்தையைப் பாருங்கள்.

2008இல் புனே நீதிமன்றமொன்று இப்பரிசோதனையையும் சான்றாக ஏற்றுத் தண்டனை வழங்கியது. 2010 மே 5இல் இந்திய உச்ச நீதிமன்றம், செல்வி வழக்கில், சம்மதமின்றி எவருக்கும் இதைச் செய்யக்கூடாதெனத் தீர்ப்பளித்தது. ஒரு தீர்ப்போடு சுருங்கிவிடும் சந்தையை நம்பிக் காணியை ஈடுவைக்கலாமா?

துறை வீணென்பதல்ல. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, சித்தசுயாதீனமற்றவரின் செயலைக் குற்றமாகக் கொள்வதில்லை. அதை மதிப்பிட வைத்தியர் வேண்டும். ஆகவே பிள்ளை முதலில் மருத்துவமோ உளவியலோ கற்கட்டும். தடயவியல் பின்னர் சேரட்டும். அடிப்படை உறுதியானால் ஒரு கதவு மூடினாலும் பிழைப்பு நிற்காது.