வயலும் விஞ்ஞானமும்: இரவில் ஒழுகும் மின்சாரம்

பரந்தனில் வயல் செய்யும் என் அத்தானிடம் ஓர் உழவு இயந்திரம் உண்டு. மாசி பெர்குசன் 135 என்னும் வகையைச் சேர்ந்தது. இவ்வகை 1964ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்றி நகரிலிருந்து அறிமுகமாயிற்று. அதன் உள்ளே இருப்பது பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். சிலிண்டர்கள் மூன்று, கொள்ளளவு 152 கன அங்குலம். இவ்விரு எண்களையும் சேர்த்தே அந்த எஞ்சினுக்கு 3.152 என்று பெயர் வைத்தனர். வயதில் என்னிலும் மூத்த இவ்வியந்திரம் இன்றும் சேற்றில் இறங்கினால் சளைப்பதில்லை. சளைத்தது அதன் பற்றரி மட்டுமே.

கடந்த புரட்டாதி விடுமுறையில் நான் அங்கே போயிருந்தபோது வீடு கலகலப்பாக இல்லை. முதல் மழை பெய்துவிட்டது. காலபோக உழவுக்கு அயலவர் நால்வர் முன்பணம் தந்திருந்தனர். இயந்திரமோ காலையில் எழும்ப மறுத்தது. ஆறு மாதத்தில் இரண்டு பற்றரிகள் வாங்கிப் போட்டாயிற்று. இரண்டாவது பற்றரிக்காக அக்காவின் காப்பு ஒன்று அடகுக்குப் போயிருந்தது. மூன்றாவதற்கு மற்றக் காப்பைக் கழற்றுவதா என்பதே அன்றைய பேச்சு.

“தம்பி, நீர் பிள்ளைகளுக்கு மின்சாரம் படிப்பிக்கிறீர் அல்லோ? ஒருக்கால் பாரும்” என்றார் அத்தான். கல்லூரியில் கரும்பலகை முன் நின்று மின்சாரம் படிப்பிப்பது ஒன்று. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த வயர்க் கற்றையின் முன் குந்தியிருப்பது மற்றொன்று. ஆயினும் மறுக்க இயலவில்லை.

நோயாளியைத் தொடுமுன் வைத்தியர் வரலாறு கேட்பார் அன்றோ? நானும் கேட்டேன். மாலையில் வேலை முடித்து நிறுத்திய இயந்திரம், அரை மணி கழித்துத் திருப்பினால் உடனே எழும்புகிறது. மறுநாட் காலையில் ‘கடக்’ என்ற ஒலியோடு ஓய்கிறது. புதிய பற்றரி போட்ட முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை, பின்னரே தொல்லை. இந்த மூன்று செய்திகளிலும் விடையின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. பகலில் மின்னேற்றம் நடைபெறாதிருந்தால் மாலையிலேயே பற்றரி சோர்ந்திருக்கும். ஆகவே பகலில் நிறைகிறது. இரவில் யாரும் தொடாத வேளையில் எங்கோ ஒழுகுகிறது.

எஞ்சின் ஓடுகையில் பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையே 14.1 வோற்று இருந்தது. 12 வோற்றுப் பற்றரிக்கு 13.8 முதல் 14.4 வரை இருந்தால் மின்னேற்றம் சீர் எனலாம். ஆதலின் வரவில் பிழை இல்லை. செலவையே தேட வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. எஞ்சினையும் விளக்குகளையும் நிறுத்திவிட்டு, பற்றரியின் நில இணைப்பு வயரைக் கழற்றினேன். கழற்றிய வயருக்கும் பற்றரி முனைக்கும் இடையே 5 உவாற்றுச் சிறு விளக்கொன்றை வைத்தேன். எல்லாம் நின்றிருக்கும்போது அந்த விளக்கு எரியவே கூடாது. அதுவோ தீபாவளி விளக்குப்போலப் பிரகாசித்தது. உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் என் மருமகன், “மாமா, எல்லாம் நிப்பாட்டித்தானே இருக்கு?” என்று வியந்தான்.

இனிச் செய்ய வேண்டியது ஒவ்வொரு வயராகக் கழற்றி விளக்கைப் பார்ப்பதே. முன்விளக்கு வயரைக் கழற்றினோம், எரிந்தது. கோர்ண் வயரைக் கழற்றினோம், எரிந்தது. அல்ற்றனேற்றரில் செருகியிருந்த வயர்களை இழுத்தவுடன் அணைந்தது. கள்ளனின் வீடு தெரிந்துவிட்டது. எந்த அறையில் இருக்கிறான் என்பதே பாக்கி.

இங்கே சற்று நின்று, மாணவர்களுக்காக இந்தக் கருவியின் உள்ளமைப்பைச் சொல்ல வேண்டும். இவ்வியந்திரம் பிறந்தபோது அதில் இருந்தது டைனமோ. டைனமோ தன் திசைமாற்றியின் உதவியால் நேரோட்டத்தையே வெளியே தரும். பற்றரியிலிருந்து மின்னோட்டம் பின்னோக்கிப் பாயாதவாறு தடுக்க, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சிறு மின்காந்த ஆளி இருந்தது. அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் பற்றரி, டைனமோவையே மோட்டாராகச் சுழற்ற முயன்று விரைவில் வெறுமையாகும். பழைய டைனமோ இன்றும் வைத்திருப்போர் இரவில் பற்றரி இறங்கினால் முதலில் அந்தத் தொடுமுனைகளையே பார்க்க வேண்டும். டைனமோ சூடாயிருந்தால் ஐயமே இல்லை.

அல்ற்றனேற்றரின் வழி வேறு. உள்ளே சுழல்வது ஒரு மின்காந்தம். அதனைச் சூழ நிலையாக இருக்கும் சுருள்களில் ஆடலோட்டம் பிறக்கிறது. ஆறு இருவாயிகள் அதனை நேரோட்டமாக்கிப் பற்றரிக்கு அனுப்புகின்றன. இருவாயி ஒருவழிக் கதவு. ஆதலால் தடித்த வயர் இரவும் பகலும் பற்றரியோடு இணைந்திருந்தாலும் நல்ல இருவாயிகள் ஓட்டத்தைத் திரும்ப விடா. ஆனால் அந்தச் சுழலும் காந்தத்துக்கு முதற்காந்தம் எங்கிருந்து வரும்? மெல்லிய வயர் ஒன்றின் வழியாகப் பற்றரிதான் அதைச் சிறிது கொடுக்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் வேறு மூன்று சிறு இருவாயிகள் வழியாக அல்ற்றனேற்றர் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். எல்லா அல்ற்றனேற்றரும் இவ்வாறல்ல. அத்தானிடம் இருந்தது இவ்வகை.

தடித்த வயரை மட்டும் மீண்டும் பொருத்தினேன், விளக்கு எரியவில்லை. இருவாயிகள் குற்றமற்றவை. ‘ஐ என் டி’ என்ற மூன்றெழுத்துப் பொறித்த முனைக்குரிய மெல்லிய வயரைத் தொட்டேன், விளக்கு எரிந்தது. அந்த வயரைப் பின்தொடர்ந்து சென்றால், அது எந்தச் சாவியையும் விளக்கையும் நாடாமல் நேரே பற்றரியின் முனைக்கே போயிற்று!

மருமகனுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். விளக்கை நீக்கி நில வயரை முன்போல் பூட்டிவிட்டு, நின்றுகொண்டிருந்த அல்ற்றனேற்றரின் அச்சருகே திருகாணிச் செலுத்தியை நீட்டினேன். இரும்பு அதை ‘டக்’கென்று இழுத்துக்கொண்டது. உறங்க வேண்டிய காந்தம் இரவு முழுவதும் விழித்திருந்தது. மீற்றரை இடையில் வைத்து அளந்தால் 2.8 அம்பியர். மாலை ஆறு மணி தொடக்கம் காலை ஏழு மணி வரை பதின்மூன்று மணித்தியாலம். பெருக்கினால் 36 அம்பியர் மணிக்கு மேல். 75 அம்பியர் மணிப் பற்றரியில் ஏறத்தாழப் பாதி! புதிய பற்றரி எஞ்சிய பாதியைக் கொண்டு காலையில் எஞ்சினை எழுப்பிவிடும். பகல் உழவில் மீண்டும் நிறையும். ஆனால் ஈய அமிலப் பற்றரியை நாள்தோறும் இப்படி ஆழமாக வெறுமையாக்கினால் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படியும். அதன் கொள்ளளவு நாளுக்கு நாள் குறையும். புதிய பற்றரி போட்டதும் நோய் தீர்ந்தது போலத் தோன்றியதன் மாயம் இதுவே. பற்றரி விற்றவர் மீதும் குற்றமில்லை, பற்றரி மீதும் குற்றமில்லை.

டைனமோவைக் கழற்றி அல்ற்றனேற்றர் பூட்டிய வேலைத்தளக்காரர் மீது எனக்குக் கோபம் வந்தது உண்மை. பின்னர் யோசித்தால் அவர் நிலையும் விளங்கியது. சாவி ஆளி என்றோ உடைந்து, அத்தான் ஓர் அழுத்து பொத்தானால் இயந்திரத்தை எழுப்பிவந்தார். சாவி வழியாக மின்சாரம் வரும் இடமே இல்லாதபோது, அருகிலிருந்த பற்றரி முனையில் வயரை முறுக்கிவிட்டார். அல்ற்றனேற்றர் மின்னேற்றியது, அவர் காசு வாங்கிக்கொண்டு போனார். பழைய டைனமோவுக்கு இருந்த எச்சரிக்கை விளக்கின் வயர் பலகைக்குப் பின்னால் அறுந்து தொங்கியது. அதையே பயன்படுத்தியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

மருந்து எளிது. புதிய சாவி ஆளியொன்று பொருத்தினோம். அதிலிருந்து 2.2 உவாற்றுச் சிவப்பு விளக்கு. விளக்கிலிருந்து அந்த மெல்லிய வயர். சாவியைத் திருப்பினால் விளக்கு எரியும். அதன் வழியாகச் செல்லும் 0.18 அம்பியரே காந்தத்தை எழுப்பப் போதும். எஞ்சின் ஓடி அல்ற்றனேற்றர் மின்சாரம் தரத் தொடங்கியதும், விளக்கின் இரு பக்கமும் மின்னழுத்தம் சமமாகிவிடும். வேறுபாடில்லாத இடத்தில் ஓட்டம் ஏது? விளக்கு அணையும். அணைந்தால் மின்னேற்றம் நடக்கிறது என்று பொருள். இதைக் கண்டபோது மருமகன் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் வகுப்பறையில் அதிகம் கண்டதில்லை.

ஒன்று நினைவிருக்கட்டும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. இவ்வகை இயந்திரத்தில் எண்ணெயை மறிக்கும் கைப்பிடியை இழுத்தே நிறுத்துவர். ஆதலால் எஞ்சின் நின்றபின்னும் சாவி திறந்தபடி இருக்கக்கூடும். சிவப்பு விளக்கு எரிந்தால் சாவியைப் பூட்டாமல் இறங்காதீர்கள்.

இவ்வேலையில் இறங்குவோருக்குச் சில எச்சரிக்கைகள். மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அதனருகே சுருட்டும் வேண்டாம், பொறியும் வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட வேண்டும். நில வயரை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுக. எஞ்சின் ஓடுகையில் பற்றரியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் டைனமோக் காலத்தது. அல்ற்றனேற்றரில் அது இருவாயிகளைக் கொன்றுவிடும். டைனமோ பூட்டிய பழைய ஆங்கில இயந்திரங்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே நிலத்தோடு இணைந்திருக்கும். அல்ற்றனேற்றருக்கு மாற்றுகையில் எதிர்முனையை நிலமாக்காவிட்டால் அதே கணத்தில் கருவி கருகும்.

ஆளி, விளக்கு, வயர் எல்லாமாக ஆன செலவு, ஒரு பற்றரி விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மறுநாட் காலை ஆறரை மணிக்கு இயந்திரம் முதல் முயற்சியிலேயே எழும்பிற்று. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. கலப்பையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கழித்து வைத்த முதற் பற்றரியை மெதுவாக மின்னேற்றிப் பார்த்தோம். தேறவில்லை, ஈய விலைக்குப் போயிற்று. மற்றது இயந்திரத்திலேயே இருக்கிறது. முழு வலு இல்லை, ஆயினும் இந்தப் போகத்துக்குப் போதும். அடகுக்குப் போன காப்பு இன்னும் மீளவில்லை. அறுவடை முடியட்டும் என்கிறார் அக்கா.