உழைப்பு ஒன்று, ஊதியம் இரண்டா?

ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்துக்கு வந்து, ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவருக்கு ஒரு சம்பளமும் மற்றவருக்கு வேறொரு சம்பளமும் கொடுக்கப்படுமாயின், அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அனுபவம் காரணமாகலாம், திறமை காரணமாகலாம், பொறுப்பின் சுமை காரணமாகலாம். இவற்றுள் எதுவும் இல்லாத இடத்தில் அவ்வேறுபாட்டுக்கு அநீதி என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

இவ்வநீதியைத் தமிழ் மக்கள் அனுபவித்தே அறிந்தவர்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டின் திறைசேரிச் சுற்றறிக்கை, சிங்களத் தேர்ச்சி பெறாத அரசாங்க ஊழியரின் சம்பள ஏற்றத்தைத் தடுத்தது. எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த செல்லையா கோடீஸ்வரன் அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார்; 1962இல் அவருக்குரிய ஏற்றம் மறுக்கப்பட்டது. ஓர் எழுதுவினைஞரின் ஆண்டேற்றம் பெருந்தொகையன்று. ஆயினும் அவர் வாளாவிருக்கவில்லை. சட்டமா அதிபர்மீது வழக்குத் தொடுத்தார்.

மொழிச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிரெற்சர் தீர்த்தார். முடியின் ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட இயலாது என்று கூறி, 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்காடலாம் என்று 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. ஆனால், மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை இலங்கை நீதிமன்றுக்கே திருப்பியனுப்பியது. அவ்வினாவுக்கு விடை வருமுன், 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே அகற்றிவிட்டது.

கோடீஸ்வரன் தோற்றாரா? இல்லை. சம்பளம் என்பது எசமானின் அருட்கொடையன்று, கேட்டுப் பெறத்தக்க உரிமை என்ற உண்மையை அவர் சட்டத்தின் வாயாலேயே சொல்ல வைத்தார்.

இன்று பேலியகொடைக்குச் சென்று பாருங்கள். களனி கங்கைக்கு அப்பால் களஞ்சியங்களும் தொழிலகங்களும் நிறைந்த பூமி அது. கொழும்பின் மீன் மொத்தச் சந்தை 2011இலும், மனிங் சந்தை 2021இலும் அங்கே குடிபெயர்ந்தன. இத்தகைய இடங்களில், நிறுவனத்தின் நிரந்தர ஊழியரும் மனிதவலு முகவர் அனுப்பிய கூலியாளும் ஒரே மூட்டையின் இரு முனைகளைப் பிடிக்கின்றனர். ஒருவருக்கு மாதச் சம்பளமும் ஆண்டேற்றமும் உண்டு. மற்றவருக்கு அன்றன்றைய கூலி மட்டுமே. மூட்டையின் பாரம் மட்டும் இருவருக்கும் ஒன்றே!

இவ்வேறுபாடு அன்றாடச் செலவோடு முடிவதன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12 என்று செலுத்துவது சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டே. இன்று குறையும் ரூபாய், முதுமையிலும் குறைகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2025ஆம் ஆண்டின் திருத்தம் தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்தை 27,000 ரூபாயாகவும், 2026 சனவரி முதல் 30,000 ரூபாயாகவும் வகுத்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் அது தரையை வகுத்ததேயன்றி, அத்தரையில் நிற்போருக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைத் தொடவில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கூறும் சமத்துவமோ அரசின் செயலையே கட்டுப்படுத்தும். தனியார் முதலாளியைக் கட்டாது. ஆண், பெண் சம ஊதியத்துக்கான சர்வதேசத் தொழில் தாபனத்தின் 100ஆம் சமவாயத்தை 1993இல் ஏற்ற நாடு, மனிதவலு ஊழியருக்கும் அந்த நீதியை நீட்டுதல் வேண்டும். ஒரே பணிக்கு ஒரே ஊதியம் என்பது சட்டமாதல் வேண்டும்.

அதுவரை உழைப்போர் காத்திருக்க வேண்டியதில்லை. தனியொருவர் முதலாளியின் அறைக்குள் தயங்கி நின்று கேட்பது இரப்பு என எண்ணப்படலாம். செய்யும் வேலையையும் பெறும் சம்பளத்தையும் கணக்கிட்டு, எழுத்தில், பலர் சேர்ந்து கேட்பது உரிமைக் குரலாகும். எழுவர் கூடினால் தொழிற்சங்கம் பதியலாம். ஊழியருள் நூற்றுக்கு 40 பேரை அங்கத்தவராய்க் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பது சட்டப்படி முதலாளியின் குற்றம். சக ஊழியர் தத்தம் சம்பளத்தை ஒருவருக்கொருவர் மறைப்பதால் நன்மையடைபவர் முதலாளி ஒருவரே.

சம்பளப் பட்டியல் எழுதும் கணக்காளரும், ஒப்பந்தம் வரையும் வழக்கறிஞரும் நம் வாசகருள் உளர். யாழ்ப்பாணத்து வெங்காயத்தைப் பேலியகொடைக்கு அனுப்பி நியாய விலை கேட்கும் கமக்காரரும் உளர். அந்த மூட்டையை இறக்கும் நாட்டாமையின் கோரிக்கையும் அதே நீதியே. தமக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்பாரின் குரல் எடுபடாது. எழுதுவினைஞர் ஒருவர் தனித்துநின்று கேட்டார். நாம் சேர்ந்துநின்று கேட்போம்.