மலையைக் காட்டி மனை வியாபாரம்

சென்னையில் கடலைக் காட்டி அடுக்குமாடி வீடு விற்கிறார்கள். திருவண்ணாமலையில் மலையைக் காட்டி மனை விற்கிறார்கள். வாசற்படியில் நின்றால் அண்ணாமலை தெரியுமாம்! 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி, மல்லாட்டை விளைந்த புஞ்சைகளில் கல் நட்டாகிவிட்டது. அந்தப் புஞ்சையில் களை பறித்தவளுக்கு அதில் ஒரு சென்ட் உண்டா?

"விலை இறங்கட்டும், வாங்கிக்கொள்ளலாம்" என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். இறங்கிய காலத்தில் நடந்தது என்ன?

2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விளைநிலத்தைக் காக்க வந்த உத்தரவு. அதன் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. மனை வியாபாரம் படுத்தது. பத்து மனையை வளைத்துப் போட்டவன் விலையை இறக்காமல் காத்திருந்தான். அவன் வீட்டு அடுப்பு அணையவில்லை. மாதத் தவணை கட்டி ஒரே மனை பிடித்த மில் தொழிலாளியோ, மகள் கலியாணத்துக்கு அதை விற்கவும் வழியின்றி வட்டிக்காரன் வாசலில் நின்றான். இனி தவணை கட்டுவோர், அங்கீகார உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

சர்க்கார் 2017 ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏற்றியது! கணக்கைப் பாருங்கள். லட்ச ரூபாய் மதிப்புள்ள மனைக்கு, 7 சதவீத முத்திரைத் தீர்வையும் சேர்த்து முன்பு 8,000 ரூபாய். பிறகு 67,000-க்கு 11 சதவீதம், அதாவது 7,370. மிச்சம் 630 ரூபாய். 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கே ஏறியது. கட்டணமோ 2 சதவீதத்தோடு நின்றது. ஆக 9,000 ரூபாய்.

மலை தெரிகிற மனைக்கு இத்தனை விலை. சமதரையில் இடம் வாங்க வழியில்லாதவர்கள் மலைச் சரிவிலேயே வீடு கட்டினார்கள். 2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையில் பாறை உருண்டு, வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர்.

சரிவில் இருப்போரை இறக்கத்தான் வேண்டும். எங்கே இறக்குவது? ஊருக்கு வெளியே பத்து மைல் தள்ளியா? வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், பெண்கள் பேரில் பட்டாவோடு மனை தர வேண்டும். அந்தப் பட்டா கைக்கு வருமுன் ஒரு வீட்டையும் தொடக் கூடாது.