பந்தாடிய மண்ணும் படம் பிடிக்கும் கண்ணும்

தோழர்களே!

சென்ற ஞாயிறு மாலை, அம்பத்தூரில் நமது படிப்பகத்தில் வழக்கம்போல் கூடியிருந்தோம். ஏடுகளைப் புரட்டுவோர் ஒருபுறம், தேநீரை ஆறவிட்டு நாட்டு நடப்பை அலசுவோர் மறுபுறம். அவ்வேளை, ஆவடியிலிருந்து வரும் இளந்தோழர் ஒருவர் தமது கைப்பேசியை என் முன்னே நீட்டி, "ஐயா, இதைப் பாருங்கள், என்ன அழகு!" என்றார். பார்த்தேன். அடர்ந்த மலைக்காடு. அதன் நடுவே பாம்புபோல் வளைந்து வளைந்து இறங்கும் ஒரு கான்கிரீட் வாய்க்கால். சுவரெங்கும் வண்ண வண்ணக் கிறுக்கல்கள், வெடிப்புகளிலே பாசி, ஆளரவமே இல்லை. அழகுதான், மறுப்பதற்கில்லை. "எந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது இந்தக் கால்வாய்?" என்று கேட்டுவிட்டேன். படிப்பகமே சிரித்தது!

சிரிக்கட்டும். அறியாததைக் கேட்டேன், கேட்டதனால் அறிந்தேன். அது கால்வாய் அன்று. பாஸ்னிய நாட்டின் தலைநகராம் சாரயேவோவுக்கு மேலே, திரெபெவிச் என்னும் மலையில், 1984-ம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் விழாவுக்காகக் கட்டப்பட்ட சறுக்குவண்டித் தடம். நீளம் ஏறத்தாழ 1,300 மீட்டர். அன்றைக்கு அந்த நாடு யூகோஸ்லாவியா. அந்த பிப்ரவரி மாதத்தில் உலகத்து வீரர்களெல்லாம் அங்கே கூடினார்கள்; நகரத்தார் கைதட்டி வரவேற்றார்கள். எட்டே ஆண்டுகள்தாம் சென்றன. 1992 ஏப்ரலில் அந்நகரம் முற்றுகையிடப்பட்டது. 1996 பிப்ரவரி வரையில் முற்றுகை விலகவில்லை. சுற்றிலுமிருந்த மலைகளிலிருந்து பாஸ்னிய செர்பியப் படை ஊருக்குள்ளே குண்டு பொழிந்தது. சறுக்குவண்டி பாய்ந்த அந்தத் தடமே பீரங்கிகளுக்குக் காப்பரண் ஆயிற்று. காட்டிலே கண்ணிவெடி புதைத்தார்கள். கீழே நகரத்தில், பனிநடனம் நடந்த ஸெட்ரா அரங்கம் குண்டுபட்டுச் சிதைந்தது. பார்வையாளர் அமர்ந்து ஆரவாரித்த மர இருக்கைகளைப் பெயர்த்தெடுத்துச் சவப்பெட்டி செய்தனர். அருகிலிருந்த ஆடுகளம் இடுகாடாயிற்று.

2012 ஏப்ரல் 6 அன்று, முற்றுகை தொடங்கிய இருபதாம் ஆண்டு நினைவாக, அந்நகர மக்கள் பெருந்தெருவின் நடுவே சிவப்பு நாற்காலிகளை வரிசையாக அடுக்கினார்கள். மாண்டவர் ஒருவருக்கு ஒரு நாற்காலி. மொத்தம் 11,541. அவற்றில் பல, குழந்தைகள் அமரும் சிறு நாற்காலிகள். தெருவில் போனவர்கள் அவற்றின்மேல் பொம்மைகளை வைத்துவிட்டுச் சென்றார்கள்.

இத்தனையும் அந்த இளந்தோழருக்குத் தெரியுமா என்றால், பாதி தெரியும். ஒலிம்பிக் நடந்தது தெரியும். போர் நடந்ததும் ஏதோ காதில் விழுந்திருக்கிறது. அவரைக் குறைகூற இதனை எழுதவில்லை. தொழிற்பேட்டையில் வேலை பார்த்து, மாதந்தோறும் மிச்சம் பிடித்து ஒரு காமிரா வாங்கியிருக்கிறார். பாழடைந்த கட்டடங்களைத் தேடிச்சென்று படமெடுப்பதில் அவருக்கு ஆர்வம். உலகமெங்கும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறதாம். என் கண்ணை உறுத்தியது அவருடைய ஆர்வம் அன்று, படத்தின் அடியிலே இருந்த ஒரே ஒரு சொல்: 'கைவிடப்பட்டது.'

தோழர்களே, பள்ளியிலே செய்வினை, செயப்பாட்டுவினை என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? 'இராமன் கொன்றான்' என்றால் கொன்றவன் முன்னே நிற்கிறான். 'கொல்லப்பட்டான்' என்றால் கொன்றவன் மெல்ல நழுவிவிடுகிறான். 'கைவிடப்பட்டது' என்ற சொல்லும் அந்தச் சாதிதான். யார் கைவிட்டார்? அங்கே விளையாடிய பிள்ளைகளா? டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்களா? அவர்கள் கைவிடவில்லை, அவர்களை அங்கிருந்து விரட்டியடித்தார்கள். பழங்காலத்துச் சத்திரம் வழிப்போக்கர் வராமையால் பாழாவது வேறு. குடியிருந்தோரைக் குண்டு வீசித் துரத்தியதால் ஒரு மைதானம் பாழாவது வேறு. இரண்டின் மேலும் ஒரே பாசிதான் படர்கிறது. காமிராவுக்குப் பாசி தெரியும். வேறுபாடு தெரியாது.

நம் பக்கத்திலும் பாழ்பட்ட பந்தயத்தடம் ஒன்று உண்டு. செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போரின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்தபின், 1950-களில் தொடங்கி, அங்கே மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. சென்னையிலிருந்து வண்டிகட்டிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் இன்றும் உங்கள் தெருவில் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 1990 வாக்கில் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்குப் பெயர்ந்தன. சோழவரத்து ஓடுபாதை ஓய்ந்தது. அங்கே போர் ஒரு தளத்தை விட்டுச்சென்றது, விளையாட்டு அதை எடுத்துக்கொண்டது. யாரும் யாரையும் விரட்டவில்லை. அதைப் படமெடுத்து 'கைவிடப்பட்டது' என்று எழுதினால் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் நாம் எங்கே குடியிருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆவடியிலே டாங்கி செய்கிறார்கள். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது அங்கேதான். நம் தோழர்களிலே பலர் அந்தத் தொழிற்சாலையின் கூலியில் குடும்பம் நடத்தியவர்கள். போரின் பட்டறைக்குப் பக்கத்து வீட்டிலே வாழ்ந்தும், போர் நடந்த மண்ணை மிதித்தறியாதவர்கள் நாம். அதனால்தான் பாஸ்னியா நமக்குப் படமாகத் தெரிகிறது. இராமேசுவரத்துக்கு அப்பால் கடல் கடந்தால் இருக்கிற யாழ்ப்பாணம்கூட நமக்குப் பல நேரம் படமாகத்தான் தெரிகிறது.

அன்று மாலை படிப்பகத்தில் இன்னொருவரும் இருந்தார். புழல் காவாங்கரை முகாமிலே வாழ்கிற ஈழத்துப் பெரியவர். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கணக்கெழுத வருகிறவர். சாரயேவோப் படத்தை அவரும் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இளந்தோழரிடம், "தம்பி, யாழ்ப்பாணத்திலை துரையப்பா விளையாட்டரங்கு எண்டு ஒண்டு இருக்கு, அந்தப் படம் எடுக்கேலுமோ?" என்றார். தேடியெடுத்துக் காட்டினார் இவர். புதுச் சாயம், புது இருக்கைகள், பச்சைப் புல். பெரியவர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோல் கம்பம் எந்தப் பக்கம் நிண்டது எண்டு விளங்கேல்லை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதனை எழுதத் தூண்டியது.

யாழ்ப்பாணத்தாருக்கு விளையாட்டு என்றால் உயிர். யாழ் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு 'வடக்கின் பெருஞ்சமர்' என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குச் சமர் என்று செல்லமாகப் பெயரிட்டவர்கள், உண்மைச் சமர் வந்து வாசற்கதவைத் தட்டும் என்று எண்ணியிருப்பார்களா? அந்த மத்திய கல்லூரிக்கு அண்மையில், கோட்டைக்கும் பொதுநூலகத்துக்கும் எட்டும் தொலைவில் இருப்பதுதான் துரையப்பா விளையாட்டரங்கு.

1981-ல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை முன்னிட்டுத் தென்னிலங்கையிலிருந்து காவல்படையினர் கொண்டுவரப்பட்டனர். அவர்களைத் தங்கவைத்த இடம் இந்த விளையாட்டரங்கு. மே 31 அன்று ஒரு தேர்தல் கூட்டத்தில் காவலர் இருவர் சுடப்பட்டு மாண்டதும் வெறியாட்டம் தொடங்கியது. கடைகள் எரிந்தன, 'ஈழநாடு' நாளேட்டின் அலுவலகம் எரிந்தது, கூப்பிடு தூரத்திலிருந்த யாழ் பொதுநூலகம் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்து சாம்பலாயிற்று. பந்து விளையாடக் கட்டிய இடத்திலிருந்து, நூலை எரிக்கப் புறப்பட்டுப் போனார்கள்!

அதன்பின் அந்த வட்டாரம் முழுவதும் போர்முனை. கோட்டைக்குள் இராணுவம், வெளியே போராளிகள். 1990 செப்டம்பரில் கோட்டையைவிட்டு இராணுவம் வெளியேறியது. 1995 அக்டோபர் இறுதியில் இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் நகரத்தைத் துறந்து நடந்தார்கள். டிசம்பரில் இராணுவம் நகரத்தைக் கைக்கொண்டது. 1999-ல் விளையாட்டரங்கைச் சீர்செய்ய மண்ணைத் தோண்டினார்கள். இருபத்தைந்து பேரின் எலும்புக்கூடுகள் வரையில் வெளிப்பட்டன.

ஆண்டுகள் உருண்டன. இந்திய அரசு ஏழு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அரங்கைப் புதுப்பித்தது. 2016 ஜூன் 18 அன்று, இந்தியப் பிரதமர் மோடி டில்லியிலிருந்து காணொளி வாயிலாகவும், இலங்கைக் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன நேரில் நின்றும் திறந்து வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் புல்தரையில் அமர்ந்து யோகாசனம் செய்தார்கள். புதுப்பித்தது நல்ல செயலே. பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும். பாழாகவே கிடக்கட்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அரசின் அறிக்கை என்ன சொல்லிற்று? 1997 முதல் பயன்பாடின்றிக் கிடந்தது என்று. கேட்டீர்களா, தோழர்களே! மீண்டும் அதே இலக்கணம். மழை பெய்யாமையால் ஏரி வறண்டு கிடந்தது என்பதுபோல! எலும்புகள் யாருடையவை என்ற கேள்வி, போட்ட புல்லின் அடியிலே கிடக்கிறது.

இவ்வளவும் எழுதும்போது உங்கள் கைகள் தட்டுவதற்குத் துடிக்கும். சற்றுப் பொறுங்கள். அரங்கின் பெயரையே நாம் இன்னும் படிக்கவில்லை.

யார் துரையப்பா? ஆல்பிரட் துரையப்பா யாழ்ப்பாணத்தின் மேயர். முன்பு பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். கொழும்பை ஆண்ட கட்சியைச் சார்ந்து நின்றவர். அதற்காகத் தமிழ்க் கட்சிகளின் கடுமையான வெறுப்புக்கு ஆளானவர். 1975 ஜூலை 27 அன்று, பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் சிங்களவரல்லர், தமிழ் இளைஞர்கள். அவரது அரசியலை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்பதற்கில்லை. ஆனால் கோயில் வாசலில் நின்ற ஒரு மனிதனைச் சுட்டுவிட்டு, அதனை ஒரு தொடக்கம் என்று கொண்டாடியவர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பதை மறைத்தால், நாம் எடுக்கும் படமும் ஓரம் வெட்டிய படமே.

"இதை இப்போது ஏன் எழுதுகிறீர்? எதிரிகள் எடுத்துப் பயன்படுத்துவார்களே!" என்று படிப்பகத்திலேயே ஒரு மூத்த தோழர் சினந்தார். பயன்படுத்தட்டும். 1981-ஐயும் 1999-ஐயும் உரக்கச் சொல்கிறவன், 1975 வரும்போது தொண்டையைச் செருமினால், கேட்கிறவன் முன்னே சொன்ன இரண்டையும் சேர்த்தே ஐயப்படுவான். சாரயேவோ மக்கள் நாற்காலி போட்டபோது, இன்னின்ன இனத்தார்க்கு மட்டும் என்று பிரித்துப் போடவில்லை. முற்றுகையில் மாண்ட நகரத்தார் அனைவர்க்கும் போட்டார்கள்.

அப்படியானால் படமெடுக்க வேண்டாமா என்று இளந்தோழர் முகம் வாடிக் கேட்டார். எடுக்க வேண்டும்! யாழ் நூலகம் இன்று வெள்ளை வெளேரென்று மறுபடி எழுந்து நிற்கிறது. அதன் முன்னே முதன்முதலாகப் போய் நிற்கிறவனுக்கு அது எரிந்த கட்டடம் என்று எப்படித் தெரியும்? கரி படிந்த சுவர்களை அந்நாளில் யாரோ படமெடுத்து, இடமும் நாளும் எழுதி வைத்தார்கள். அதனால்தான் இன்றுவரை யாரும் அதனை இல்லையென்று சாதிக்க முடியவில்லை. 2025-ல் யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. அவற்றோடு ஒரு பள்ளிப் பையும் பொம்மையும் கிடைத்தன. அடையாளம் காட்டுவதற்காக அப்பொருள்களைப் பொதுமக்கள் முன்னே வைத்தார்கள். அங்கே எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் எண் உண்டு, நாள் உண்டு. யாரும் அவற்றை அழகு என்று சொல்லவில்லை.

இளந்தோழர் மறுவாரமே ஒரு வேலை செய்தார். துரையப்பா விளையாட்டரங்கின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வந்து படிப்பகச் சுவரில் ஒட்டினார். அதன் கீழே ஒரு வெள்ளைத்தாள். 1981, 1999, 2016 என மூன்று ஆண்டுகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே நடந்ததும் எழுதியாகிவிட்டது. செய்தவர் தெரிந்த இடத்தில் செய்தவர் பெயரோடு. முகாமிலிருந்து வரும் பெரியவர், ஓரத்தில் ஒரு சிறு கோடு கிழித்து, கோல் கம்பம் இங்கேதான் என்று தம் நினைவைக் கொண்டு குறித்திருக்கிறார். 1975 இன்னும் எழுதப்படவில்லை. மூத்த தோழர் ஒப்பவில்லை, நானும் விடவில்லை. அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அதுபற்றிப் பேசுகிறோம். ஆவடித் தோழர்களும் பூந்தமல்லித் தோழர்களும் வந்துசேருங்கள்.