கோயிலுக்குப் போனால் சுவரையும் பாருங்கள்

விடுமுறைக்கு இந்தியா போனால் அப்பா, அம்மா நம்மைக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போவார்கள். அர்ச்சனை, பிரசாதம், ஒரு செல்ஃபி, திரும்பக் கார். அடுத்த முறை உத்திரமேரூருக்குப் போகலாம் என்று நீங்களே கேளுங்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு கி.பி. 919, 921. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்தார்கள். தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. இவ்வளவு கறாரான விதியை நான் வேலை பார்த்த கம்பெனிகளில்கூடப் பார்த்ததில்லை.

அதற்காக, "உலகின் முதல் ஜனநாயகம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். அது பிராமணர் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. பெருமையோடு இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதுதான் நேர்மை.

தமிழ் சரளமாக வாசிக்க வராதே என்று கூச்சப்படாதீர்கள். அந்தப் பழைய எழுத்தை, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவரும் பயிற்சி இல்லாமல் படிக்க முடியாது. அந்தச் சுவருக்கு முன்னால் அவரும் நீங்களும் ஒன்றுதான். விதிகளின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுப் போய், பத்து நிமிடம் அங்கே நில்லுங்கள்.