ஸ்கூட் விடத் தெரிஞ்சவனும் தோத்தான்

ரம்மி திறமை ஆட்டமா, சூதாட்டமான்னு டிவியில கோட்டு போட்டவங்க எல்லாம் பேசி முடிச்சாச்சு. சீட்டு பிடிச்சவங்களை யாரும் கேக்கல. கேட்டிருந்தா எங்க காரைக்கால் பக்கத்துக் கிழவங்களே சொல்லியிருப்பாங்க: திறமை ஆட்டம்தான். ஆனா அந்தத் திறமை எங்க இருக்குங்கறதை விளம்பரத்துல காட்ட மாட்டாங்க.

பாதிக்கு மேல அது முதல் பார்வையில இருக்கு. 13 சீட்டும் கைக்கு வந்தாச்சு, இந்தக் கையை ஆடுறதா, ஸ்கூட் விடுறதா? ஒரு சீட்டும் எடுக்காம கவுத்துட்டா 20 பாயிண்ட். எடுத்தப்புறம் மனசு மாறினா 40. கடைசி வரைக்கும் உக்காந்திருந்து, அடுத்தவன் டிக் அடிக்கிறப்போ லைஃப் இல்லாம மாட்டினா 80 வரைக்கும் ஏறும். நாலு மோசமான கையை விட்டுட்டாலும் 80, ஒரு கையை வீராப்புக்கு ஆடி மாட்டினாலும் 80. 101 ஆட்டத்துல அஞ்சு தடவை ஸ்கூட் விட்டவன்கூட 100ல நிப்பான், வெளியே போகமாட்டான்.

லைஃப்னா ஜோக்கர் கலக்காம, ஒரே ஜாதியில வரிசையா மூணு சீட்டு. அது இல்லேன்னா மத்தது எது சேர்ந்தும் பிரயோசனமில்ல. புதுசா ஆடுறவன் ரெண்டு ஜோக்கரைப் பாத்ததும் சிரிப்பான். ஜோக்கர் லைஃபுக்கு உதவாது. பழகினவன் பாக்கறது வேற. ஆர்ட்டீன் 6, 7 சேர்ந்து இருந்தா 5 வந்தாலும் ஆச்சு, 8 வந்தாலும் ஆச்சு. ரெண்டு கட்டு போட்டு ஆடறதால அதுக்கு நாலு சீட்டு இருக்கு. 5, 7 இருந்தா 6 மட்டும்தான், ரெண்டே சீட்டு. நம்ம முறை வர்றதுக்குள்ள அதுல ஒண்ணு கீழே விழுந்து மூடிப்போச்சுன்னா? பேசாம கவுத்துடணும்.

எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு வீட்லயாவது பிரான்சுல ஆள் இருக்கும். அப்படி லீவுக்கு வந்த உறவுக்காரர் ஒருத்தர் போக்கர்ல ஏழு சீட்டு ஸ்டட்னு ஒண்ணு சொல்லிக் கொடுத்தார். முதல்ல மூணு சீட்டு, ரெண்டு மூடி, ஒண்ணு திறந்து. மூணும் ஒரே எண்ணா விழறது 425 கைக்கு ஒரு தடவைதான். நம்மகிட்ட ஜோடி இருந்தாலும், அதே எண் எதிராளி முன்னாடி திறந்து கிடந்தா அந்த ஜோடி வளராது, விட்டுடுங்கறார். சாவு வீட்டுத் திண்ணையில விடிய விடிய ஆடுற நம்ம பெருசுங்க புத்தியேதான்.

குறுவையும் கொஞ்சம் அப்படித்தான். ஜூன் 12ல மேட்டூர் திறந்தாலும் நாங்க கடைமடை. வாய்க்கால்ல தண்ணி வர்றதைப் பாத்துட்டு, இந்த வருஷம் வேணாம், சம்பாவுக்குப் பாத்துக்கலாம்னு விடுறவனை ஊர்ல கோழைன்னுதான் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

சரி, கோர்ட்டுக்கு வர்றேன். ரம்மியில திறமை இருக்குன்னு 1967லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. செகந்திராபாத்ல ஒரு கிளப்புல சீட்டாடினவங்களைப் பிடிச்ச வழக்கு அது. ஆன்லைன் கம்பெனிக்காரங்க எல்லாரும் இந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிட்டு வர்றாங்க. ஆனா அதே தீர்ப்புல இன்னொண்ணும் இருக்கு. ஆட்டத்துல வைக்கிற பணத்துல இருந்து கிளப் நடத்துறவன் லாபம் பாத்தா அது குத்தமாகலாம். இந்தப் பாதியை யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல.

ஏன்னா அங்கதான் விஷயமே இருக்கு. ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபா வச்சு ஆடுறாங்க, நூத்துக்கு 10 ரூபா நடத்துறவன் எடுத்துக்கறான்னு வச்சுக்குங்க. ஆட்டத்துக்கு 60 ரூபா போச்சு. பத்து ஆட்டத்துல 600. ஆறு பேரும் சமமான கெட்டிக்காரங்கன்னா, ஒருத்தன்கூட தப்பு பண்ணாமலே ஆளுக்கு 100 ரூபா காணாமப் போயிருக்கும். எதிராளியை ஜெயிக்கத்தான் திறமை உதவும். கல்லாப்பெட்டியை எந்தக் கையை வச்சு ஜெயிக்கறது?

எங்க தெருவுல ஒரு பையன். நல்லா ஆடுவான், ஸ்கூட் விடத் தெரிஞ்சவன். திண்ணையில ஒரு கை முடிய பத்து நிமிஷம் ஆகும், நடுவுல டீ வரும், விடிஞ்சா எழுந்து போயிடணும். போன்ல கவுத்த மறு நிமிஷமே அடுத்த 13 சீட்டு வந்து நிக்குது. ஒரு ராத்திரிக்கு எத்தனை 20 விடுறோம்னு அவனுக்கே தெரியல. அவங்க அம்மாவோட நாலு பவுன் செயின் பேங்குக்குப் போச்சு.

தமிழ்நாடு சட்டம் போட்டுச்சு. அது நண்டலாறு தாண்டி எங்களுக்கு வராது, நாங்க புதுச்சேரி. வந்திருந்தாலும் என்ன? 2023 நவம்பர்ல சென்னை ஹைகோர்ட் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம்னு அந்தச் சட்டத்துல இருந்து விலக்கிடுச்சு. 2025 ஆகஸ்ட்ல டெல்லியில போட்ட சட்டம்தான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு இல்லாம காசு வச்சு ஆடுற ஆப் எல்லாத்தையும் நிறுத்துச்சு. கம்பெனிக்காரங்க மறுபடியும் திறமைன்னு சொல்லிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க.

நீதிபதிங்க இந்தத் தடவை திறமையைப் பத்திக் கேக்க வேண்டியதில்ல, அதை நாங்களே ஒத்துக்கறோம். ஆட்டத்துக்கு எவ்வளவு எடுத்தீங்கன்னு கணக்குப் புஸ்தகத்தைக் கேக்கட்டும். அந்தம்மா போன மாசமும் வட்டி கட்டத்தான் பேங்குக்கு பஸ் ஏறினாங்க.